வெயில் ஊரில் வாட்டர் கூலிங்: ப்ராசஸர் சூட்டை அளப்பதும் அடக்குவதும்

நான் வேலூரில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். வீட்டு மாடியறைதான் ஸ்டூடியோ. தலைக்கு மேலே மொட்டை மாடி. சித்திரை, வைகாசியில் மதியம் இரண்டு மணிக்கு அறைக்குள்ளேயே 38 டிகிரி இருக்கும். கணினியின் ப்ராசஸர் இன்டெல் கோர் ஐ7-12700கே. ஒரு மே மாதம் நீளமான முகூர்த்த வீடியோ ஒன்றை ரெண்டர் (எடிட் செய்ததை முழு வீடியோவாக மாற்றும் வேலை) போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். இரண்டு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் பாதிகூட முடியவில்லை. ப்ராசஸர் 100 டிகிரியைத் தொட்டு, தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு நகர்ந்துகொண்டிருந்தது.

அவசரமாக ஒரு லிக்விட் கூலர் வாங்கி, வாங்கிய கடையிலேயே மாட்டியும் வந்தேன். மறுநாளும் அதே 100 டிகிரி. காரணத்தைக் கண்டுபிடிக்க ஏழு வாரம் ஆனது. அதற்குள் இரண்டு வீட்டாருக்குச் சொன்ன தேதியில் வேலையைக் கொடுக்க முடியாமல் போனது. உங்களுக்கு அது நேரக்கூடாது என்றுதான் எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன்.

இங்கே பேசுவது ஏஐஓ (ஆல் இன் ஒன்) கூலர் பற்றி மட்டுமே. பம்ப், குழாய், சூட்டைக் காற்றில் விடும் ரேடியேட்டர் எல்லாவற்றையும் சேர்த்துத் தயாரிப்பாளரே திரவம் நிரப்பி மூடித் தருவது அது. குழாய், டேங்க், பம்ப் எல்லாம் தனித்தனியாக வாங்கி நாமே இணைக்கும் கஸ்டம் லூப் வேறு வேலை. முதல்முறை செய்பவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

1. வாங்கும் முன் ஒரு நாள் ஒதுக்கி அளந்து பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள்.

விண்டோஸின் டாஸ்க் மேனேஜர் ப்ராசஸர் வெப்பத்தைக் காட்டாது. அதில் தெரிவது கிராபிக்ஸ் கார்டின் வெப்பம். நிறையப் பேர் அதைப் பார்த்துவிட்டு ப்ராசஸர் நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஹெச்டபிள்யூ இன்ஃபோ 64 என்ற இலவச மென்பொருளை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்குங்கள். திறக்கும்போது ‘சென்சார்ஸ் ஒன்லி’ என்ற கட்டத்தை டிக் செய்துவிட்டுத் தொடங்கினால் நீண்ட பட்டியல் ஒன்று வரும். அதில் இன்டெல்காரர்கள் பார்க்க வேண்டிய வரி ‘சிபியு பேக்கேஜ்’. ஏஎம்டி ரைசன் வைத்திருப்பவர்களுக்கு ‘சிபியு டிசிடிஎல்/டிடை’. கீழே மதர்போர்டு பகுதியில் வெறுமனே ‘சிபியு’ என்று இன்னொரு வரி இருக்கும். பல போர்டுகளில் அது சாக்கெட் (ப்ராசஸர் உட்காரும் இடம்) பக்கத்து அளவு, குறைவாகவே காட்டும். அதை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

அடுத்து, 300 ரூபாய்க்குள் கிடைக்கும் டிஜிட்டல் அறை வெப்பமானி ஒன்று வாங்கி மேசைமேல், கேபினட்டிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். பிறகு ப்ராசஸருக்கு முழுச் சுமை கொடுக்கும் சினிபெஞ்ச் ஆர்23 மென்பொருளில் பத்து நிமிடச் சோதனையை ஓட்டுங்கள். முடிந்ததும் ஒரு நோட்டில் இந்த நான்கையும் எழுதுங்கள்: தேதியும் நேரமும், அறையின் வெப்பம், ப்ராசஸர் தொட்ட உச்சம், அந்தச் சமயம் அது இழுத்த வாட். கடைசி எண் ‘சிபியு பேக்கேஜ் பவர்’ என்ற வரியில் இருக்கும். ரைசனில் ‘சிபியு பிபிடி’.

அறை வெப்பத்தை எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. காற்றுக் கூலரோ தண்ணீர்க் கூலரோ, எதுவானாலும் சூட்டை அறைக்காற்றில்தான் கொட்டுகிறது. அறை 38 டிகிரி என்றால் குழாய்க்குள் ஓடும் திரவம் 38-க்குக் கீழே போகவே போகாது. ஆகவே ப்ராசஸர் 84 காட்டுகிறது என்று மட்டும் சொன்னால் அதில் பாதிச் செய்திதான் இருக்கிறது. அறை 36, ப்ராசஸர் 84, வித்தியாசம் 48 என்றால் முழுச் செய்தி. மார்கழியில் அதே கணினி, அதே வேலையில் 74 காட்டும். கூலர் ஒன்றும் மாறியிருக்காது, அறைதான் மாறியிருக்கும். ஏசி அறையில் எடுத்த யூடியூப் சோதனைகளைப் பார்த்து நம் ஊர் மே மாதத்தோடு ஒப்பிட்டு மனம் கலங்குபவர்கள் இந்த வித்தியாசத்தைத்தான் பார்க்க வேண்டும்.

இதே காரணத்தால் ‘தண்ணீர் குளிர்ந்து குழாயில் வேர்க்குமா, போர்டில் சொட்டுமா’ என்ற பயமும் தேவையில்லை. அறையைவிடக் குளிராத குழாயில் வேர்ப்பதற்கு வழியே இல்லை.

2. உங்கள் ப்ராசஸருக்கு எது அதிகம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

எல்லா ப்ராசஸருக்கும் ஒரே கோடு கிடையாது. இன்டெல் 12, 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் கே வகைகளுக்கு உச்சவரம்பு 100 டிகிரி. கோர் அல்ட்ரா 200 வரிசை டெஸ்க்டாப்புக்கு 105. ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு 95, ஆனால் 7800எக்ஸ்3டி-க்கு 89.

ரைசன் 7000 வாங்கியவர்கள் கவனிக்க: அதன் எக்ஸ் வகைகள் முழுச் சுமையில் 95 டிகிரி வரை ஏறி அங்கேயே நின்று வேலை செய்யும்படிதான் வடிவமைக்கப்பட்டவை என்று ஏஎம்டியே சொல்லியிருக்கிறது. 95-ஐத் தொடும்வரை வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும். பெரிய கூலர் போட்டாலும் 95 என்றே காட்டி, வேகத்தை மட்டும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். இது தெரியாமல் கூலரை மூன்று முறை மாற்றிய ஒருவரை எனக்குத் தெரியும்.

ஹெச்டபிள்யூ இன்ஃபோவில் ‘தெர்மல் த்ராட்லிங்’ (சூட்டால் வேகம் குறைவது) என்ற வரி ‘யெஸ்’ என்று மாறுகிறதா என்பதே சரியான கேள்வி. உங்கள் வழக்கமான வேலையில், வருடத்தின் மிகச் சூடான வாரத்தில், அது ‘நோ’ என்றே இருந்தால் நீங்கள் எதுவும் வாங்க வேண்டாம். இங்கேயே படிப்பதை நிறுத்திவிடலாம்.

3. காசில்லாத வைத்தியத்தை முதலில் பாருங்கள்

கேபினட்டின் பக்கக் கதவைக் கழற்றி வைத்துவிட்டு அதே பத்து நிமிடச் சோதனையை மறுபடி ஓட்டுங்கள். ஐந்து டிகிரிக்கு மேல் இறங்கினால் குறை கூலரில் இல்லை, காற்றோட்டத்தில் இருக்கிறது. 500, 600 ரூபாய் ஃபேன் இரண்டு வாங்கி முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று போட்டால் முடிந்தது.

அடுத்து பயாஸ், அதாவது விண்டோஸுக்கு முன்னால் வரும் மதர்போர்டின் அமைப்புத் திரை. சில மதர்போர்டுகள் முதல்முறை பயாஸுக்குள் போகும்போது ‘என்ன கூலர் வைத்திருக்கிறீர்கள்’ என்று கேட்கும். ‘வாட்டர் கூலர்’ என்று தேர்ந்தெடுத்தால் ப்ராசஸருக்கான வாட் வரம்பை 4096 வாட் என்று வைத்துவிடும். அதாவது வரம்பே இல்லை. கூலர் வாங்கிய மகிழ்ச்சியில் அதை அழுத்திவிட்டு, முன்பைவிடச் சூடாகிறதே என்று தவிப்பவர்கள் உண்டு. 12700கே-க்கு இன்டெல் சொல்லும் உச்சம் 190 வாட், அடிப்படை 125 வாட். நான் பயாஸில் நீண்டநேர வரம்பை 125 என்று வைத்துப் பார்த்தேன். ஒரு மணி நேர ரெண்டரில் கூடியது ஆறு நிமிடம், குறைந்தது 18 டிகிரி. மே மாதம் முழுக்க இன்றும் அப்படித்தான் ஓட்டுகிறேன். ரைசன்காரர்களுக்கு வாட் வரம்பைக் குறைக்கும் ‘ஈகோ மோட்’ இருக்கிறது. 65 வாட் ஈகோ மோடில் ப்ராசஸர் சாக்கெட்டில் இழுக்கும் மொத்தம் 88 வாட்டைத் தாண்டாது.

இன்டெல் 13, 14ஆம் தலைமுறை வைத்திருந்தால் கூலருக்கு முன் பயாஸ் அப்டேட் போடுங்கள். அதிக மின்னழுத்தத்தால் அந்த ப்ராசஸர்கள் பழுதாகும் சிக்கலுக்கு 2024 ஆகஸ்ட், செப்டம்பரில் இன்டெல் திருத்தம் வெளியிட்டது. ரெண்டர் பாதியில் நின்றுபோவதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம், சூடு மட்டும் அல்ல.

ப்ராசஸருக்கும் கூலருக்கும் இடையே தடவும் தெர்மல் பேஸ்ட் போட்டு மூன்று நான்கு வருடம் ஆகியிருந்தால் மாற்றிப் பாருங்கள். இவ்வளவுக்குப் பிறகும் த்ராட்லிங் நிற்கவில்லை என்றால் மட்டும் கடைக்குப் போகலாம்.

4. எந்த அளவு, என்ன விலை

ஐ5-12400, ரைசன் 5 7600 போன்றவற்றுக்குத் தண்ணீர் தேவையே இல்லை. நான் சென்னை ரிச்சி தெருவில் விசாரித்தபோது நல்ல ஒற்றை டவர் காற்றுக் கூலர் 2,000 முதல் 3,000 ரூபாய்க்குள் கிடைத்தது, இரட்டை டவர் 3,500 முதல் 4,500. 240 மிமீ ஏஐஓ 5,500-இல் தொடங்கி 9,000 வரை. 360 மிமீ 8,500-இல் தொடங்கி, திரை வைத்த மாடல்கள் 18,000-ஐயும் தாண்டிப் போனது. அந்தத் திரைக்கும் குளிர்ச்சிக்கும் சம்பந்தம் இல்லை. 120 மிமீ ஏஐஓ-வைத் தொடாதீர்கள், அதன் விலைக்கு வாங்கும் காற்றுக் கூலர் அதைவிட நன்றாக வேலை செய்யும். என் கணக்கில் 150 வாட்டுக்குள் என்றால் இரட்டை டவர், 200 வரை 240 அல்லது 280, அதற்கு மேல் 360.

கடைக்குப் போகும் முன் டேப் எடுத்து கேபினட்டை அளந்துகொள்ளுங்கள். 240 என்று பெயர் இருந்தாலும் ரேடியேட்டர் நீளம் கிட்டத்தட்ட 275 மிமீ வரும். 360 என்றால் ஏறக்குறைய 395. மேற்கூரையில் மாட்டுவதானால் தடிமனும் முக்கியம். சாதாரண ரேடியேட்டர் 27 மிமீ, ஃபேன் 25 மிமீ, சேர்த்து 52. அவ்வளவு இடம் கூரைக்கும் மதர்போர்டின் மேல் விளிம்புக்கும் இடையே இல்லை என்றால் உயரமான ராம் தட்டும். காற்றுக் கூலர் வாங்குபவர்கள் கேபினட்டின் அகலத்தைப் பார்க்க வேண்டும், பெரிய இரட்டை டவர்கள் 165 மிமீ வரை நிற்கும்.

சாக்கெட்டையும் கேட்டு உறுதிசெய்யுங்கள். 12ஆம் தலைமுறையோடு 2021-இல் வந்த எல்ஜிஏ1700 சாக்கெட்டில் திருகு ஓட்டைகளின் இடைவெளி 78 மிமீ, அதற்கு முந்தையவற்றில் 75. கடையில் வெகுநாளாகக் கிடக்கும் பழைய கூலரில் அதற்கான பிராக்கெட் பெட்டிக்குள் இருக்காது. ‘பொருந்தும் சார்’ என்ற வாய்வார்த்தை போதாது, பெட்டியின் மேல் அச்சிட்ட பட்டியலில் உங்கள் சாக்கெட் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

ரிச்சி தெருவுக்கு வெளியூரிலிருந்து போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும். நான் காட்பாடியில் காலை ரயில் ஏறி, செவ்வாய், புதன் போலப் போய்வருவேன். சனிக்கிழமைக் கூட்டத்தில் நின்று பேச யாருக்கும் நேரம் இருக்காது.

5. பில்லும் காகிதங்களும்

வாரன்டி வேலை செய்யுமா என்பது கடையிலேயே, பணம் கொடுக்கும் நிமிடத்தில் முடிவாகிவிடுகிறது.

ஜிஎஸ்டி பில்லைக் கேட்டு வாங்குங்கள். ‘பில் வேண்டாம் என்றால் 400 ரூபாய் குறைக்கிறோம்’ என்பதற்குச் சம்மதிக்காதீர்கள். ஐந்து வருட வாரன்டியை 400 ரூபாய்க்கு விற்பதாக ஆகிவிடும். பில்லில் மாடல் பெயர் முழுதாக இருக்க வேண்டும், ‘கூலர் - 1’ என்று எழுதியிருந்தால் திருப்பிக் கொடுத்து மாற்றச் சொல்லுங்கள். சீரியல் எண்ணும் பில்லில் ஏற வேண்டும். பெட்டியிலும் ரேடியேட்டரின் பக்கவாட்டிலும் இருக்கும் எண்ணோடு அது ஒத்துப்போகிறதா என்று அங்கேயே சரிபாருங்கள். ரேடியேட்டரை மாட்டிவிட்டால் அந்த ஸ்டிக்கர் உள்ளே மறைந்துவிடும், அதனால் மாட்டும் முன் போட்டோ எடுத்துவிடுங்கள்.

பெட்டியில் எம்ஆர்பி ஸ்டிக்கர் இருக்கிறதா, அதில் இந்திய இறக்குமதியாளர் பெயரும் முகவரியும் இருக்கிறதா என்று பாருங்கள். சட்டமுறை எடையளவு விதிகளின்படி இறக்குமதிப் பொட்டலத்தில் அது கட்டாயம். அந்த ஸ்டிக்கர் இல்லாத பெட்டி வேறு வழியில் வந்த சரக்காக இருக்கலாம், அப்படியானால் நாளைக்கு இங்கே யாரும் வாரன்டி தரமாட்டார்கள்.

கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. வாரன்டிக்குக் கொடுத்தால் கடையே வாங்கி அனுப்புமா, நாமே சர்வீஸ் சென்டருக்குக் கூரியர் போட வேண்டுமா? கசிந்து மதர்போர்டோ கிராபிக்ஸ் கார்டோ போனால் அதற்கும் ஈடு உண்டா? இரண்டாவதற்கான பதில் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். வாரன்டி விதிகளை அவர்கள் தளத்தில் படித்து, அந்தப் பக்கத்தை பிடிஎஃப் ஆக வைத்துக்கொள்ளுங்கள். பில்லையும் அன்றே போனில் ஸ்கேன் செய்யுங்கள். வெயில் பட்டால் தெர்மல் தாளில் அச்சிட்ட எழுத்து ஒரு வருடம்கூடத் தாங்காது.

6. மாட்டுவது

முதல்முறை என்றால் மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். தேவையானவை: நீளமான பிலிப்ஸ் ஸ்க்ரூ டிரைவர், 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் ஒரு சிறு பாட்டில், நூல் உதிராத துணி, தெர்மல் பேஸ்ட். ஏஐஓ-வின் செம்புத் தட்டில் பல மாடல்களில் பேஸ்ட் தடவியே வரும். அப்படி இருந்தால் மேலே இன்னொரு பேஸ்ட் போட வேண்டாம்.

பழைய கூலரைக் கழற்றும் முன் கணினியைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கிவிட்டு அணையுங்கள். பேஸ்ட் இளகியிருக்கும். ரைசனின் ஏஎம்4 சாக்கெட்காரர்களுக்கு இது மிக முக்கியம். குளிர்ந்த நிலையில் நேராக இழுத்தால் பூட்டியிருக்கும் சாக்கெட்டிலிருந்து ப்ராசஸரே கூலரோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும், பின்கள் வளையும். இடமும் வலமுமாக மெல்லத் திருகி, தளர்ந்த பிறகு தூக்குங்கள்.

செம்புத் தட்டின் மேல் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். அதை உரித்துவிட்டு, உரித்த தாளைக் கண்முன்னே மேசையில் வையுங்கள். வேலை முடியும்போது அந்தத் தாள் மேசையில் இல்லை என்றால் அது உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு நடுவில் வைத்தால் ஏஎம்4, ஏஎம்5-க்குப் போதும். எல்ஜிஏ1700 நீள்சதுரம் என்பதால் நடுவில் ஒரு நீளக் கோடாகப் போடுங்கள். நான்கு திருகையும் ஒன்றை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகக்கூடாது. மூலைக்கு மூலை, ஒவ்வொன்றும் இரண்டு சுற்றாக, மாற்றி மாற்றி இறுக்குங்கள்.

ரேடியேட்டரை எங்கே மாட்டுவது? உள்ளே இருக்கும் திரவத்தோடு கொஞ்சம் காற்றும் எப்போதும் இருக்கும், அது உயரமான இடத்தில் போய் நிற்கும். அந்த உயரமான இடம் பம்பாக இருக்கக்கூடாது. அதனால் கூரையில் மாட்டுவது சிறந்தது. முன்பக்கம் மாட்டினால் ரேடியேட்டரின் மேல் விளிம்பு பம்பைவிட உயரமாக இருக்க வேண்டும், முடிந்தால் குழாய்கள் கீழ்ப்பக்கம் வரட்டும். கேபினட்டின் அடிப்பகுதியில் மட்டும் வேண்டாம். காற்றெல்லாம் பம்புக்குள் வந்து, உலர்ந்து ஓடி, சீக்கிரமே போய்விடும்.

திருகுகளில் ஒரு பொறி இருக்கிறது. பெட்டியில் இரண்டு வகைத் திருகுகள் வரும். ஃபேனைத் துளைத்துக்கொண்டு ரேடியேட்டருக்குப் போகும் நீளமானவை கிட்டத்தட்ட 30 மிமீ, கேபினட்டிலிருந்து நேராக ரேடியேட்டருக்குப் போகும் குட்டையானவை ஏறக்குறைய 6 மிமீ. குட்டைத் திருகு போட வேண்டிய இடத்தில் நீளத்தைப் போட்டு இறுக்கினால் நேராக ரேடியேட்டருக்குள் தண்ணீர் ஓடும் வழியைக் குத்திவிடும். அது வாரன்டியிலும் வராது. இரண்டையும் தனித்தனிக் கிண்ணத்தில் கொட்டி வையுங்கள்.

7. கேபிள்கள்: என் ஏழு வாரம் போனது இங்கேதான்

ஏஐஓ-விலிருந்து வரும் கேபிள்கள் ஒன்றுபோலவே தெரியும். பம்புக்கு ஒன்று, ஃபேன்களுக்கு ஒன்று, விளக்குக்கு ஒன்று. சிலவற்றில் யுஎஸ்பி கேபிளும், சாட்டா மின்கேபிளும் கூடுதலாக இருக்கும்.

பம்பின் கேபிள் மதர்போர்டில் ‘ஏஐஓ பம்ப்’ அல்லது ‘பம்ப் ஃபேன்’ என்று எழுதிய முனையில் போக வேண்டும். அந்த முனை எப்போதும் முழு 12 வோல்ட் கொடுக்கும்படி அமைத்திருப்பார்கள். ரேடியேட்டர் ஃபேன்கள் ‘சிபியு ஃபேன்’ முனையில். என் கணினியில் கடைக்காரர் ஃபேன்களைச் சரியாக மாட்டிவிட்டு, பம்பை ‘சேஸிஸ் ஃபேன் 2’ என்ற முனையில் செருகியிருந்தார். அந்த முனை மதர்போர்டின் வெப்பத்தைப் பார்த்து வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். ப்ராசஸர் 100-இல் கொதித்தாலும் மதர்போர்டு 42 டிகிரியில் இருக்கும், அதனால் பம்புக்குப் பாதி மின்சாரம்தான் போயிருக்கிறது. ‘சிபியு ஃபேன்’ முனையில் ஏதோ ஒன்று சுற்றுவதால் கணினி எந்த எச்சரிக்கையும் காட்டவில்லை.

இதை நான் கண்டுபிடித்தது விரல்களால். ஒரு ராத்திரி பக்கக் கதவைக் கழற்றி, ரெண்டர் ஓடும்போதே குழாய்கள் இரண்டையும் இரண்டு விரலால் தொட்டேன். ஒன்று கையை வைக்க முடியாத அளவு சுட்டது, மற்றது அறையின் சூட்டில்தான் இருந்தது. ரேடியேட்டரின் மேல் வரும் காற்றும் வெதுவெதுப்பாகக்கூட இல்லை. திரவம் சரியாக ஓடினால் இரண்டு குழாயும் ஏறத்தாழ ஒரே சூட்டில் இருக்க வேண்டும், வெளியே வரும் காற்று முகத்தில் அடிக்க வேண்டும். ஹெச்டபிள்யூ இன்ஃபோவில் தேடினேன், ‘சேஸிஸ்2’ வரியில் 900 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று). அணைத்துவிட்டு, கேபிளை ‘ஏஐஓ பம்ப்’ முனைக்கு மாற்றினேன். 2,700 ஆர்பிஎம். அதே ரெண்டர், அறை 36, ப்ராசஸர் 84. சற்றுநேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உங்கள் பம்ப் சாட்டா மின்கேபிளில் ஓடும் வகை என்றால் அது நேராக எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) மின்சாரம் எடுக்கும். மதர்போர்டுக்குப் போகும் ஒற்றைக் கம்பி வேகத்தைச் சொல்ல மட்டும்தான். அந்தக் கம்பியையும் மறக்காமல் செருகுங்கள், அது இல்லை என்றால் பம்ப் நின்றுபோனது உங்களுக்குத் தெரியாது.

விளக்குக் கேபிளில் கவனம். மூன்று பின் கொண்ட ஏஆர்ஜிபி 5 வோல்ட், நான்கு பின் கொண்ட சாதாரண ஆர்ஜிபி 12 வோல்ட். 5 வோல்ட் விளக்கை 12 வோல்ட் முனையில் அழுத்திச் செருகினால் விளக்கு எரிந்துபோகும்.

8. முதல் முறை ஆன் செய்யும்போது

பம்பின் கீழே, கிராபிக்ஸ் கார்டின் மேல் ஒரு வெள்ளை டிஷ்யூ தாளை விரித்துவிட்டு ஆன் செய்யுங்கள். விண்டோஸுக்குப் போகாமல் நேராக பயாஸுக்குள் போய்ப் பத்து நிமிடம் அங்கேயே இருங்கள். ப்ராசஸர் 40-லிருந்து 50-க்குள் நின்றால் சரி. ஒரே நிமிடத்தில் 80, 90 என்று ஏறிக்கொண்டே போனால் உடனே அணையுங்கள். பம்ப் ஓடவில்லை, அல்லது பிளாஸ்டிக் தாள் உள்ளே இருக்கிறது, அல்லது தட்டு சரியாகப் படியவில்லை.

முதல் அரைமணி நேரம் குடத்தில் தண்ணீர் சரிக்கும் சத்தம் வரலாம். காற்றுக்குமிழ் பம்பிலிருந்து வெளியேறுகிறது, பயப்பட வேண்டாம். கேபினட்டை மெல்ல முன்னும் பின்னும் சாய்த்தால் சீக்கிரம் அடங்கும். ஒரு வாரம் கழித்தும் அந்தச் சத்தம் இருந்தால் ரேடியேட்டரின் நிலையைச் சரிபாருங்கள்.

பயாஸில் பம்பை முழு வேகத்துக்கு, அல்லது மாறாத ஒரே வேகத்துக்கு வையுங்கள். ஃபேன்களை மட்டும் வெப்பத்துக்கு ஏற்ப மாற்றலாம். நான் வைத்திருப்பது 50 டிகிரியில் 40 சதவீதம், 70-இல் 65, 80-இல் 85, 90-இல் முழு வேகம். ப்ராசஸர் ஒரு நொடியில் 20 டிகிரி எகிறி இறங்கும், ஆனால் திரவம் சூடாக இருபது நிமிடம்கூட எடுக்கும். ஒவ்வொரு எகிறலுக்கும் ஃபேன் கத்தாமல் இருக்க, வேகம் கூடும் முன் காத்திருக்கும் ‘ஸ்டெப் அப்’ தாமதத்தை ஐந்து நொடி போல வையுங்கள்.

இதையெல்லாம் பயாஸிலேயே செய்துவிடுவது நல்லது. விண்டோஸில் ஃபேன் வேகத்தை மாற்றும் சில மென்பொருள்கள் பயன்படுத்திய ‘வின்ரிங்0’ என்ற டிரைவரை 2025 மார்ச்சில் விண்டோஸ் டிஃபெண்டர் ஆபத்தானது என்று தடுக்கத் தொடங்கியது. ஃபேனுக்காக ஆன்டிவைரஸை அணைத்து வைப்பது சரியில்லை. இரண்டு கண்காணிப்பு மென்பொருள்களை ஒரே நேரத்தில் ஓட்டவும் வேண்டாம். ஒரே சென்சாரை இரண்டும் கேட்கும்போது எண்கள் தாறுமாறாக வரும்.

பயாஸில் ‘ஃபேன் ஃபெயில் வார்னிங்’ இருந்தால் பம்ப் முனைக்கு அதை ஆன் செய்யுங்கள். பலர் விட்டுவிடும் இடம் இது.

9. மறுபடி அளப்பது

ஒரு மணி நேரம் கழித்து டிஷ்யூ தாளைப் பாருங்கள், புள்ளிகூட ஈரம் இருக்கக்கூடாது. பிறகு முதல் படியில் செய்த அதே சோதனையை, இந்த முறை பத்து நிமிடத்துக்குப் பதில் முப்பது நிமிடம் ஓட்டுங்கள். காற்றுக் கூலர் சில நிமிடத்தில் தன் நிலைக்கு வந்துவிடும். தண்ணீர் அப்படியல்ல, பத்தாவது நிமிடத்தில் 76 காட்டி, இருபத்தைந்தாவது நிமிடத்தில் 83-க்குப் போகும். கடையில் ஐந்து நிமிடம் ஓட்டிக் காட்டுவதை வைத்து எதையும் சொல்ல முடியாது.

நோட்டில் அறை வெப்பம், உச்சம், வித்தியாசம், வாட், பம்பின் ஆர்பிஎம் ஐந்தையும் எழுதுங்கள். இதுதான் உங்கள் அடிப்படை எண். இனி ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு அரைமணி நேரம் இதே சோதனை. அந்த வித்தியாசம் நான்கு, ஐந்து டிகிரி கூடியிருந்து பம்பின் வேகம் மாறவில்லை என்றால் பெரும்பாலும் தூசிதான் காரணம். பம்பின் வேகம் குறைந்திருந்தால், அல்லது வேகம் சரியாக இருந்தும் ஒரு குழாய் சுட்டு மற்றது குளிர்ந்திருந்தால், பம்பிலோ திரவ ஓட்டத்திலோ கோளாறு. உங்கள் ஏஐஓ திரவத்தின் வெப்பத்தையும் காட்டுமானால் அதையும் எழுதுங்கள், 60 டிகிரியைத் தொடவே விடக்கூடாது.

10. தூசியும் வாரன்டியும்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ரோடு ஓரத்து வீடு என்றால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, புளோயர் வைத்து ரேடியேட்டரை ஊதுங்கள். ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டுதான் ஊத வேண்டும். ரேடியேட்டர் இதழ்களைப் பல்துலக்கும் பிரஷால் தேய்த்தால் மடங்கிவிடும்.

இந்தத் திரவம் ரப்பர்க் குழாய் வழியே வருடக்கணக்கில் மிக மெல்ல ஆவியாகும். பெரும்பாலானவற்றில் மறுபடி நிரப்ப வழி கிடையாது. ஐந்து, ஆறு வருடத்தில் மாற்ற வேண்டிய பொருள் என்றே கணக்கு வையுங்கள். வாரன்டி முடியும் தேதியைப் போன் காலண்டரில் ஏற்றி, அதற்கு இரண்டு மாதம் முன்பே ஒரு முழுச் சோதனை போட்டுவிடுங்கள்.

பம்ப் போய்விட்டால் கேட்கப்படுபவை: ஜிஎஸ்டி பில், சீரியல் எண் போட்டோ, பம்ப் வேகமும் வெப்பமும் தெரியும் ஸ்க்ரீன்ஷாட், சில நிறுவனங்களுக்கு ஒரு சிறு வீடியோ. அந்த மாத நோட்டுப் பக்கத்தையும் சேர்த்து அனுப்புங்கள். என் நண்பருக்கு ஒருமுறை ‘பயன்பாட்டுக் கோளாறு’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆறு மாதத்து எண்களை வரிசையாகக் காட்டிய பிறகுதான் ஏற்றுக்கொண்டார்கள். பில்லும் இருந்து, வாரன்டியும் இருந்து, மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம்.

மாற்றுப் பொருள் வர இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். அதுவரை கணினி சும்மா கிடக்கக்கூடாது. அதனால் பழைய காற்றுக் கூலரைப் பழைய இரும்புக் கடைக்குப் போடாதீர்கள், யாருக்கும் கொடுத்தும் விடாதீர்கள். அதன் பிராக்கெட்டையும் திருகுகளையும் ஒரு ஜிப் கவரில் போட்டு, எந்த சாக்கெட்டுக்கு என்று மார்க்கரில் எழுதி, கூலரோடு சேர்த்துக் கட்டி, ஏஐஓ வந்த பெட்டிக்குள்ளேயே வையுங்கள். கூடவே ஒரு சின்ன பேஸ்ட் டியூபும் இருக்கட்டும்.